டோபிக் கடையின் அருகலை

புக்கிட் ரோத்தான் சந்தியில்
நாணயம் போட்டால் துணி துவைக்கும் கடை
இரவு முழுக்க விழித்திருக்கிறது.
அதன் படிகளில்
செம்பனைத் தோட்டத்து ஆட்கள்
ஆளுக்கொரு சிறு வெளிச்சத்தை முகத்தில் ஏந்தி
உட்கார்ந்திருக்கிறார்கள்.
துவைக்க, ஒருவரிடமும் துணி இல்லை.

சுவரில் ஒட்டியிருக்கிறது: அருகலை இலவசம்.
உள்ளே போக
பெயர், கைப்பேசி எண், பிறந்த நாள்.
பெரட்டில் நின்ற கிராணிக்குக்கூட
பெயர் மட்டும் போதுமாயிருந்தது.

எதிர்வரிசையில் என் கடை.
நகலெடுக்க இருபது சென்,
பாரம் நிரப்ப இரண்டு வெள்ளி.
நான்கு பழைய கணினிகள்,
நான்கிலும் கட்டற்ற மென்பொருள்.
அதற்காக யாருக்கும் ஒரு காசு கொடுத்ததில்லை,
கொடுத்ததெல்லாம் இரவுகள்.
அச்சுப்பொறி அதனோடு பேச மறுத்துப்
பதினொரு நாள் முகம் திருப்பி நின்றது.
போலந்தில் யாரோ ஒருவர்
எப்போதோ எழுதி வைத்த மூன்று வரி
பன்னிரண்டாம் நாள் சமாதானம் செய்து வைத்தது.
அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை.
எங்கே சொல்வதென்று தெரியவில்லை.

கடப்பிதழ் நகலெடுக்க வந்த ரஃபிக்குலிடம்
ஒருநாள் இதையெல்லாம் சொன்னேன்.
சும்மா கிடைப்பதில் ரெண்டு ரகம், தம்பி.
ஒன்றில் கட்டணம் இல்லை, கட்டு உண்டு.
இன்னொன்றில் கட்டே இல்லை,
மாட்டை மட்டும் நீதான்
செம்பனைக்குள் தேடிப் பிடித்து
ஓட்டிக்கொண்டு வரவேண்டும்.
லயத்து வீடும் எங்களுக்கு இலவசம்தான்.
தண்ணீர் சும்மா, விறகு சும்மா.
அப்பா முதுகு ஒடிந்து வேலையை விட்ட மாதம்
வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆபீஸ் கடிதம் வந்தது.
அன்றைக்குத்தான் தெரிந்தது
வாடகை எவ்வளவென்று.

பொறுமையாய்க் கேட்டுக்கொண்டான்.
பிறகு பாதி மலாயும் பாதி தமிழுமாய்,
"அக்கா, உங்க கடை ஒம்பதுக்கு மூடும்.
என் மகள் அங்கே படுக்கப் போறது
இங்கே பதினொன்றரைக்கு."

நான் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

தீபாவளிக்கு முந்திய வாரம்
இடி விழுந்து என் இணைப்பு செத்தது.
உதவித்தொகைக்கு அன்றே கடைசி நாள்,
கையில் முப்பத்தேழு பேரின் பாரங்கள்.
பதினொன்று இருபதுக்கு
மடிக்கணினியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி
மழையில் சாலையைக் கடந்தேன்.
ரஃபிக்குல் நகர்ந்து இடம் கொடுத்தான்.
எதுவும் சொல்லவில்லை.
திரையில் மகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

பெயர்: குமுதவேணி.
எண்: உண்மையானது, அதற்குத்தான் சங்கேதம் வரும்.
பிறந்த நாள்: மார்ச் ஆறு. பொய்.
அவ்வளவுதான் என் போராட்டம்.
படிக்காத நாற்பது பக்கத்துக்குக் கீழே
ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு தட்டு.

முப்பத்தேழு அடையாள அட்டை எண்கள்
சவர்க்கார வாசத்தினூடே
திறந்த வெளியில் போயின.
வழியில் யார் பார்த்தார்கள் என்று தெரியாது.
போகலாமா என்று
அந்த முப்பத்தேழு பேரை யாரும் கேட்கவில்லை,
நானும்.
பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருக்க
எல்லாம் போய்ச் சேர்ந்தன.
அதுவும் உண்மை.

மார்ச் ஆறாம் தேதி காலை
கைப்பேசி துள்ளியது.
மலாயில் ஒரு வாழ்த்து, பலூன் படத்தோடு:
குமுதவேணி, இன்று உங்களுக்கு
ஒரு சலவை இலவசம்.

பிறந்த நாள் பொய்.
போர்வை அழுக்கு நிஜம்.
இரண்டைச் சுருட்டிக்கொண்டு போனேன்.

நன்றாகத்தான் வெளுத்தது.