யானை மேல் நின்ற மரம்

எண்ணெய்தான் என் சோறு.
இருபத்தெட்டு வருடமாய்க் காஹாங் ஆலையில்
செம்பனை எண்ணெயைச் சீசாவில் ஊற்றி
அதன் புளிப்பை எண்ணிக் குறிப்பவன்.
என் சட்டை வாடை எந்தச் சவர்க்காரத்துக்கும் பணியாது.
பேருந்தில் என் பக்கத்து இருக்கை
பெரும்பாலும் காலியாகவே வரும்.

அப்படிப்பட்டவன் முன்னால்
இத்தாலியின் குதிகாலில், ஒத்ராந்தோவில்,
ஒரு தட்டில் ரொட்டியும்
கிண்ணத்தில் பச்சை எண்ணெயும் வைத்தார்கள்.
ரொட்டியை நான் தொடவில்லை.
கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்தேன்,
முகர்ந்தேன், நாக்கு நுனியில் வைத்தேன்.
தொண்டையில் மிளகுபோல் ஒரு கீறல்.
"அரை விழுக்காட்டுக்கும் கீழே" என்றேன்.
"லீவு போட்டாச்சு, நாதன்" என்றாள் ஜெசிந்தா,
கைப்பையிலிருந்து
நெத்திலிச் சம்பால் புட்டியை எடுத்தபடி.

மறுநாள்
அவரைப் பருப்பை மசித்து, கசப்புக் கீரையை வதக்கி
பாதிக்குப் பாதி வைத்தார்கள்.
பருப்புக் கடையலுக்கா ஆறாயிரம் மைல் என்று முனகியவள்
தட்டை ரொட்டியால் துடைத்துத் துடைத்துத் தின்றாள்.
காதுமடல் போலச் சுருண்ட மாவு.
பிறகு எட்டுக் காலோடு ஒன்று வந்தது.
சோத்தோங் இல்லை, அதன் பெரியப்பா என்றாள்.
சம்பால் புட்டியை அதற்குப் பின் தேடவே இல்லை.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினோம்.
காவலுக்கு நின்றவர் வேண்டாம் வேண்டாமெனக் கையசைத்தார்.
வெறுங்காலோடேதான் போனோம்.
கல்லின் குளிர் முழங்கால்வரை ஏறிற்று.

தரை முழுக்க ஒரு மரம்.
நகக்கண் அளவு கற்களை
எண்ணூறு வருடத்துக்கு முன் எவர்களோ பதித்தது.
அடி வாசலில், கிளை பீடத்தை நோக்கி.
மாதத்துக்கு ஒருவன் அதில் பாடுபடுகிறான்:
இவன் உழுகிறான், அவன் திராட்சை மிதிக்கிறான்.
பன்னிரண்டு பேரில்
லீவு போட்டவன் எவனும் தென்படவில்லை.
மனிதர் மிதிக்காமலிருக்கக் கயிறு கட்டியிருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில்
அத்தனை மரத்தையும் முதுகில் வாங்கி
இரண்டு யானைகள்.

செய்தவன் யானையைக் கண்டிருக்க மாட்டான்.
எங்கேயோ தப்பு.
கால் என்றேன் நான்.
கண் என்றாள் அவள்.
முழந்தாளிட்டு, தலை சாய்த்து,
ஜெபிக்கிறோம் என்று பிறர் நினைக்கும்படி
நெடுநேரம் பார்த்தோம்.

ஊருக்கு வெளியே ஒலிவ மரங்கள்.
பல, நோய் கண்டு எலும்பாய் நின்றன.
பிழைத்த ஒன்றின் வயிற்றுக்குள்
நாங்கள் இருவரும் நிற்க முடிந்தது.
வயது கேட்டதற்கு
ஆயிரம் என்றான் கார்க்காரன்,
வெங்காய விலை சொல்வதுபோல.
எங்களிடம் மரத்துக்கு இருபத்தைந்தானால்
தண்டில் துளையிட்டு மருந்தேற்றிச் சாகவிடுகிறோம்.
இதைச் சொல்லுமளவுக்கு
அவன் மொழி தெரியாமல் போனது நல்லதாயிற்று.

திரும்பி வந்த அன்று மாமாக் கடையில்
லாரி பொன்னுரங்கம் கேட்டான்:
"கோயிலெல்லாம் பார்த்தீங்களாண்ணே, எது பெரிசு?"
யானைகளைச் சொன்னேன்.
தே தாரிக்கை ஊதிக்கொண்டே யோசித்தான்.
"மேல நிக்கிற மரத்தப் புடுங்கலையா?"
"இன்னும் இல்ல."

நாங்கள் இல்லாதபோது
பதினாலாம் நம்பர் காட்டில் மின்வேலியைச் சாய்த்து
நாற்பத்தொரு கன்றைப் பிடுங்கி,
குருத்தை மட்டும் தின்று போயிருந்தன.
மேலாளர் இன்னும் யாரிடமோ
தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அந்தப் பக்கம் போனேன்.
வங்காளத்துப் பையன்கள்
குழிகளில் புதுக்கன்று வைத்துக்கொண்டிருந்தார்கள்.
ஈரமண்ணில் ஒரு முன்கால் தடம், சோற்றுத் தட்டை விடப் பெரிசு.
அதில் இரவு மழை தேங்கியிருந்தது.
தண்ணீரைக் கையால் இறைத்துவிட்டுக்
குனிந்து நகங்களை எண்ணினேன்.
ஐந்து.

படம் எடுத்து ஜெசிந்தாவுக்கு அனுப்பினேன்:
தப்பு காலில்தான்.