இடது காலுக்கு வேலை

புயலால் ஃபாரோவுக்குச் சரக்குக் கப்பல்
மூன்று நாள் தாமதம்.
வந்த பெட்டிகள் மூன்றையும்
மீன் வெட்டும் கத்தியால்தான் கிழித்தேன்.
வேறு கத்தி இருந்தது.
தேடப் பொறுமை இல்லை.

முதலில் வெளியே வந்தது மின்ராட்டை.
ரொட்டி ஒன்றின் பருமன். தொட்டால் சில்லென்று.
பொத்தானை அழுத்தினேன்;
பூனை உறுமுவதுபோல் ஓடத் தொடங்கியது.
எங்கள் வீட்டுப் பூனை அலமாரிமேல் ஏறி
களவுபோன தன் குரலைக்
கண்ணெடுக்காமல் பார்த்தது.

மிதிராட்டை போனதில் எனக்குத் துளி வருத்தமில்லை.
சுன்னிவா எடுத்துக்கொண்டாள்.
பதிலுக்கு அரை ஆடு தந்தாள்,
காற்றில் உலர்ந்த, நாற்றமும் ருசியும் ஒன்றேயான அரை ஆடு.
இரண்டு பேருக்கும் லாபம்.

இனி விரலுக்கு மட்டும்தான் வேலை.
தேன்பழுப்புக் கம்பளியைக்
கொஞ்சம் கொஞ்சமாய் விட்டுக்கொடுக்க
முறுக்கு தானாய் ஏறுகிறது,
எறும்பு வரிசை சுவரேறுவதுபோல், இடறாமல்.
வேகத்தைக் கூட்டினேன். அறுந்தது.
குறைத்தேன். மறுபடி கூட்டினேன். அறுந்தது.
சிரிப்பு வந்தது.
நாற்பத்தாறு வயதில் ஒரு பொத்தானோடு விளையாடுகிறேன்,
விடிகாலையில் மீன் ஆலை வேலை இருக்க.

இடது காலுக்கு மட்டும் யாரும் செய்தி சொல்லவில்லை.
மேசைக்கடியில் அது பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தது.
ஆலையில் நிற்கும்போதும்,
சால்மன்கள் ஒவ்வொன்றாய் நகர்ந்து வர,
ரப்பர் காலணிக்குள்
இல்லாத மிதியைத் தேடி இறங்கி ஏறியது.

இரண்டாம் பெட்டியில் தறி.
எனக்கென்றுதான் வாங்கினேன்; ரோய் விடவில்லை.
குறிப்புத்தாளைப் படிக்காமலே பூட்டினான்.
திருகாணி ஒன்று மிஞ்சியது.
படகு எஞ்சினில் மிஞ்சியிருந்தால்
இரவெல்லாம் தூங்கமாட்டான்;
இதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
பாவு ஓட்டத் தொடங்கிவிட்டான்.

கப்பல் கயிறு கட்டிய கை.
ஊடையை இழுத்து இழுத்து
ஒரு முழம் நெய்வதற்குள்
துணி உடுக்கைபோல் இடை சிறுத்துவிட்டது.
"அச்சு கோணல்" என்றான்.
ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
நாடாவை விடும்போதெல்லாம் அவன்
நாக்கை ஓரமாய்க் கடித்திருந்த அழகைப் பார்த்து
விழுங்கிவிட்டேன்.

மூன்றாவதுதான் நீளப் பெட்டி.
ஐந்து பல் கவை, இரண்டு கைப்பிடி,
நடுவே கால் வைத்து ஏற ஒரு குறுக்குச் சட்டம்.
கல்மதிலுக்குள் எங்கள் உருளைக்கிழங்குப் பாத்தி
குளிர்காலம் முழுதும் மழை மிதித்து
இறுகிக் கிடந்தது.
மரமில்லாத தீவு இது; காற்றுக்கு
மோதிக்கொள்ள நாங்கள்தான் உண்டு.
கவையை ஊன்றினேன்.

நான் கேட்கவில்லை. இடது கால்
தானே சட்டத்தில் ஏறி நின்றது.
ஓர் அழுத்து.
பல் ஐந்தும் அடிவரை போயின.
பிடியைப் பின்னுக்குச் சாய்க்க,
மண் புரளாமல், உடையாமல்,
உள்ளே மூச்சு இழுத்ததுபோல்
ஓரங்குலம் உயர்ந்து அமர்ந்தது.
ஒரு மண்புழு எரிச்சலோடு வெளியே வந்தது.
அடுத்த அடி. அடுத்தது.
மிதி, சாய், பின்வாங்கு.
பழைய ராட்டையின் தாளம்தான்;
நூலுக்குப் பதில் பாத்தி நீண்டது.

நூற்க உதவாத வால்பக்கக் கம்பளியை,
சாணமும் சிக்குமாய்,
விதைக்கிழங்குக்கு அடியில் திணித்தேன்.
ரோய் தன் உடுக்கைத் துணியைக் கொண்டுவந்து
ருபார்ப் செடிக்குப் போர்த்தினான்,
நாலு மூலைக்கும் கல் வைத்து.
இரவுக் காற்று கல்லை விட்டுவிட்டுத்
துணியை எடுத்துக்கொண்டது.
காலையில் அது சுன்னிவாவின் ஆட்டு வேலியில்.
"வலையா காயப் போட்டீர்கள்?" என்று தொலைபேசியில் கேட்டாள்.
அவன் பதில் சொல்லவில்லை.
அடுத்த பாவுக்குப் பச்சை நூல் எண்ணிக்கொண்டிருந்தான்.

மணி பதினொன்று. இன்னும் வெளிச்சம்.
மின்ராட்டையை வாசற்படிக்கு இழுத்துவந்து நூற்கிறேன்.
இடது கால் சேறு காய்ந்து
நீட்டிக் கிடக்கிறது, மிதிக்காமல்.
கதவு திறந்திருக்கிறது.
உள்ளே துவைக்கும் இயந்திரத்தில்
ரோயின் சட்டையோடு அந்தத் திருகாணி
கிணுங் கிணுங் என்று சுற்றுகிறது.