ஐந்தாவது கட்டம்

ஹார்லிங்கன் கால்வாயின் தூக்குப்பாலத்துக்கு
நான்கே நிலைகள் என்று தொடங்கினாள் வீட்ஸ்கே.
மூடியது. திறக்கிறது. திறந்தது. மூடுகிறது.
திரையில் நான்கு கட்டங்கள், நான்கு அம்புகள்.
அம்பின் மேல் பொடி எழுத்தில்:
மணி அடித்தபின், தடுப்புக்கட்டை இறங்கியபின்,
சைக்கிள் ஒன்றும் மிச்சமில்லை எனில்.

பொத்தானை அழுத்தினாள்.
வாயிலிட்ட அதிமதுர மிட்டாய் கரைவதற்குள்
நாலாயிரம் வரி சி மொழியைத் துப்பியது கருவி.
முதல் வரியே மிரட்டல்:
இயந்திரம் எழுதியது, கையால் தொடாதே.
நான் தொடவில்லை.
சோதிப்பவனுக்கு வேலை கெடுப்பது.

மூன்று வாரம் கெடுத்துப் பார்த்தேன்.
பாதி திறக்கையில் மின்சாரத்தைப் பிடுங்கினேன்.
எதிரெதிரே இரண்டு படகுகளை அனுப்பினேன்.
ஒவ்வொரு முறையும் பாலம்
வீதி சுற்றிய தேர் மாதிரி
நிலைக்கு வந்து நின்றது.

பிப்ரவரியில் ஒரு விடிகாலை
காவல் அறையிலிருந்து டவ்வே கூப்பிட்டார்.
"மூடியிருக்கிறது என்கிறது உங்கள் பெட்டி.
நான் ஜன்னலில் பார்க்கிறேன்,
பாலம் வானத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது."

உணரியின் மேல் பனிக்கட்டி.
அது பொய் சொல்லவில்லை,
கண் போனபின்
கடைசியாகப் பார்த்ததையே சொல்லிக்கொண்டிருந்தது.
மேலெழப் பார்த்த தடுப்பைக் கையால் அமுக்கியபடி
அரைமணி நின்றாராம் டவ்வே,
பால் லாரி ஹாரன் அடிக்க அடிக்க.

வீட்ஸ்கே ஐந்தாவது கட்டம் வரைந்தாள்.
பெயர்: தெரியவில்லை.
மற்ற நான்கிலிருந்தும் அதற்குள் அம்பு விட்டாள்.
யெல்மர் முகம் சுளித்தார்.
"நகராட்சியிடம் காசு வாங்கிக்கொண்டு
தெரியவில்லை என்பதா?"
கருவிக்கு வேறு குறை, மஞ்சள் எழுத்தில்:
உள்ளே வர வழி உண்டு, வெளியே போக இல்லை.

சாயங்காலம் வரை அதையே பார்த்திருந்தாள்.
பத்து நிமிடம் கடந்தால்? எழுதி அழித்தாள்.
உணரி மீண்டும் பேசினால்? அதையும்.
கடைசியில் ஒரே ஓர் அம்பு,
அதன் மேல்:
டவ்வே நேரில் போய்ப் பார்த்துச் சொன்னால்.

கருவி ஒப்புக்கொண்டது.
யார் டவ்வே என்று கேட்கவில்லை.
பூஜ்யமா ஒன்றா, அவ்வளவுதான் அதற்கு.
ஐயாயிரத்து நூறு வரி.

நேற்றிரவு மூடுபனி.
சிவப்பு விளக்கு எரிய, தடுப்பு இறங்கியிருக்க,
பாலம் ஐந்தாவது கட்டத்தில் நின்றது.
சைக்கிளிலிருந்து ஒரு காலை ஊன்றி
யாரோ ஒரு பெண் காத்திருந்தாள்.
டவ்வே டார்ச்சோடு வெளியே வந்தார்,
கோட்டுப் பொத்தானைத்
தப்பான துளையில் போட்டபடி.