பன்னிரண்டாவது வரிசை

என் மனைவி புஷ்பலீலாவின் பள்ளியில்
பதினோரு பிள்ளைகள்.
பன்னிரண்டு என்பாள் அவள்.
கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில்
எங்களுக்குள் தீராத கணக்கு
இது ஒன்றுதான்.

நிபோங் தெபால் தாண்டி
செம்பனைக்குள் மூன்று கிலோமீட்டர்.
மழையென்றால் சிவப்புச் சேறு
வெயிலென்றால் சிவப்புத் தூசி.
எங்கள் கஞ்சில் கார் வெள்ளை நிறம் என்பது
பதிவு அட்டையில் மட்டும் இருக்கிறது.
காலை ஆறரைக்கு அதன் பின்னிருக்கையில்
நான்கு பேர், மடியில் இருவர்.
போலீஸ்காரர் ஒருமுறை நிறுத்தினார்.
குனிந்து எண்ண ஆரம்பித்தவர்
எண்ணி முடிக்காமலே
கையசைத்து அனுப்பிவிட்டார்.

மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் ஒரே அறை.
நடுவே ஓர் அலமாரி.
இந்தப் பக்கம் பெருக்கல்
அந்தப் பக்கம் வினையெச்சம்
இடையில் நாளெல்லாம் நடக்கிறாள்
வெடித்த குதிகாலோடு.
இரண்டாம் ஆண்டில் லோகாஷினி மட்டும்.
அவளே வகுப்புத் தலைவி
அவளே முதல் மாணவி
அவளே கடைசி.
அவளுக்குக் காய்ச்சல் வந்தால்
இரண்டாம் ஆண்டுக்கே விடுமுறை.

தாள் மட்டும் என் பங்கு.
பாயான் லெப்பாஸில் எனக்கு இரவு ஷிப்டு.
சில்லுகளைச் சோதிக்கும் இயந்திரம்
விடிய விடியத் துப்பும் படிவங்களில்
ஒரு பக்கம் 'ரிஜெக்ட்' என்று சிவப்பு முத்திரை
மறுபக்கம் சுத்தம்.
சூப்பர்வைசரிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.
பாலம் கடந்து
வாரம் ஒரு கட்டு வரும்.
முதல் வாரம் பார்த்துவிட்டு
லீலா ஒன்றும் சொல்லவில்லை.
கஞ்சி காய்ச்சி
முத்திரையும் முத்திரையும் முகம் பார்க்க
இரண்டிரண்டு தாளாய் ஒட்டினாள்.
அந்தச் சொல் உள்ளேதான் இருக்கிறது.
பிள்ளைகளுக்குத் தெரியாது.
தாள் கொஞ்சம் கனம்,
அவ்வளவுதான்.

பன்னிரண்டாவது, திவினேஷ்.
அப்பா லோரியில் கிளீனர்
அம்மா மேடானுக்குப் போனவள் போனவள்தான்.
பிறப்புப் பத்திரம் இல்லை.
கணினி பன்னிரண்டு இலக்கம் கேட்கிறது
அவனிடம் இருப்பது
பத்து விரல்.
அவனுக்குப் புத்தகம் வராது
சோதனைத் தாள் வராது
காலை உணவுக்கு ஒதுக்கீடு வராது.
அவன் வந்துவிடுகிறான்.

புக்கிட் மெர்த்தாஜாம் பதிவிலாகாவுக்கு
ஏழு தடவை அலைந்தாள்.
எங்கள் கல்யாண நாளொன்று
4016 என்ற எண்ணைக் கையில் வைத்தபடி
அங்கேயே கழிந்தது.
அம்மா வரவேண்டும் என்றார்கள்.
இல்லையென்றால் திருமணப் பத்திரம்.
இல்லையென்றால் அடுத்த மாதம்.
கவுண்டர்ப் பெண் நல்லவள்,
மிட்டாய் கொடுத்தாள்.

போன புதன்கிழமை கல்வி அதிகாரி வந்தார்.
பதிவேட்டைப் பார்த்துப் பெயர் வாசித்தார்.
பதினோரு முறை
உள்ளேன் ஐயா.
பதிவேட்டை மூடினார்.
அலமாரிக்குப் பின்னாலிருந்து
யாரும் கூப்பிடாமலே
ஒரு குரல்:
உள்ளேன் ஐயா.

இதைச் சொல்லும்போது
சோற்றில் கை வைத்தபடி நிறுத்திவிட்டாள்.
அவர் என்ன செய்தார் என்று கேட்டேன்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாராம்
ரொம்ப நேரம்.

அன்றிரவு பதிவேடு வீட்டுக்கு வந்திருந்தது.
பதினோரு பெயர் பேனாவில்.
பன்னிரண்டாவது வரிசை பென்சிலில்
விரல் பட்டு விரல் பட்டு மங்கிக் கிடக்க
பென்சிலைச் சீவி
அதன் மேலேயே திரும்ப எழுதினாள்,
கொம்பு, கால், புள்ளி எதுவும் விடாமல்.
பேனாவிலேயே எழுதிவிடேன் என்றேன்.
அது அவர்கள் வேலை என்றாள்.
பிறகு
காரில் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டாள்.

போய்ப் பார்த்தேன்.
முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.
பின்னிருக்கையில்
யாருடையதோ ஒரு காலுறை,
பாதி தின்ற பிஸ்கட்.