இடமாற்றப் படிவம்

கரண்ட் பில்லின் பின்பக்கம்
மூன்று கோடு கீறினேன்.

கல்முனை:
வாடகை இருபத்தையாயிரம்.
கிணறு உப்பு; குடிக்கப் போத்தல் தண்ணி.
கீரிமீன் மட்டும் மலிவு, அதுவும்
கரைவலை நிறைந்து வந்த நாளில்.

அம்பாறை:
வாடகை பாதி. அரிசியும் பரவாயில்லை.
மீன்தான் ஐஸோடு பஸ் ஏறி
ஒவ்வொரு தரிப்பிலும் விலை கூடி
வந்து இறங்கும்.
சந்தையில் எனக்குச் சிங்களத்தில்
எண்கள் தெரியும்,
'கொஞ்சம் குறைச்சுத் தாங்க' தெரியாது.
அதற்கு மாதம் எவ்வளவு போடுவது?

களுவாஞ்சிகுடி:
என் அண்ணன் வீட்டு மேல்மாடி.
வாடகை 0.

சுகிர்தா பேனையைப் பறித்தாள்.
அந்தச் சைபருக்குப் பக்கத்தில்
இன்னும் சைபர்கள் போட்டாள்,
தாள் முடியும்வரை,
முன்னால் ஒரு எண்ணும் எழுதாமல்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள்.