லாபம், ரெண்டு, மூணு

களக்காட்டுக் கிளை நூலக மாடியில்
கணினிகள் ஆறு. ஓடுவது நாலு.
ஐந்தாவதன் மேல் யாரோ மறந்துபோன குடை
போன ஐப்பசியிலிருந்து காய்கிறது.

முதல் சனிக்கிழமை எதையும் தொடவில்லை.
மைதீன்தான் கணினி.
சொன்னதைச் செய்ய வேண்டும்,
சொல்லாததைச் செய்யக் கூடாது.
"அங்கன போல" என்றான் சுடலைக்கண்ணு.
மைதீன் அசையவில்லை.
"அங்கனன்னா எங்கன? எத்தன எட்டு?"
"எட்டு எட்டு வைல."
வைத்தான். ஆறாவதில் சுவர்.
மிச்ச இரண்டையும் சுவரிலேயே வைத்தான்,
நெற்றி இடிக்க இடிக்க,
சிரிக்காமல்.

சென்னையில் என் நாற்காலியில்
இப்போது யார் இருக்கிறார்கள், தெரியாது.
"அக்காவுக்கு இவ்வளவு நாள் லீவா?" என்று
ஜெசிந்தா ஒருமுறை கேட்டாள்.
ஆமாம் என்றேன்.

மூன்றாம் வாரம் பட்டியல்.
ஏத்தன், ரஸ்தாளி, மட்டி, செவ்வாழை, பேயன்
என்று வரிசையாக அடித்தோம்.
முதலில் நிற்கிற ஏத்தனுக்கு என்ன எண்?
ஒண்ணு, என்றது மொத்த மாடியும்.
பூஜ்யம், என்றேன்.
கீழே நூலகர் மேசையைத் தட்டும்வரை ரகளை.
"ஒண்ணுமே இல்லாததுக்குத்தானக்கா பூஜ்யம்,
ஏத்தன் இருக்குல்லா?"
"பூஜ்யாவது ரேங்க்னு எவனுக்காவது போடுவாவளா?"
முதலிடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று
நான் பலகையில் வரைந்த கட்டங்கள்
பாதியில் எனக்கே குழம்பின.

அதுவரை வாய் திறக்காத பகவதி
ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:
"மண்டியில எங்கப்பா தார் ஏத்தும்போது
ஒண்ணுன்னு சொல்ல மாட்டாவ.
லாபம், ரெண்டு, மூணுன்னுதான் எண்ணுவாவ.
அதுமாதிரி இதுக்கும் ஒரு மொற இருக்கும்."

"அப்பம் இது மண்டிக் கம்ப்யூட்டர்" என்றான் மைதீன்.
அவ்வளவுதான், வழக்கு முடிந்தது.
லாபம் = 0
என்று அவள் அடித்த வரியை
பைத்தான் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.
உடனே கரண்ட் போனது.
அவள் மட்டும் இருட்டுத் திரையைப் பார்த்தபடி
விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மாசக் கடைசியில் ஜாமெட்ரி பாக்ஸுக்குள்ளிருந்து
நாலாய் மடித்த கூலிச் சீட்டு.
அப்பா வாயால் எண்ணி நிறுத்தியது ஒரு பட்டியல்,
சீட்டில் எழுதியது ஒரு பட்டியல்,
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க
ஏழே வரியில் அவளே எழுதிய நிரல்.
நூற்றிருபது, நூற்றுப் பத்தொன்பது.
தொண்ணூற்றாறு, தொண்ணூற்றைந்து.
ஒன்பது லோடு. ஒன்பது தடவையும்
திரையில் வந்து நின்றது ஒன்று, ஒன்று, ஒன்று.

"எம் புரோகிராம் தப்பாக்கா?"

அப்படியே இருந்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன்.
அடைப்புக்குறிகளைக்கூட விரல் வைத்து எண்ணினேன்.
தப்பில்லை.

"அப்பம் லாபத்த எண்ணல."

பிரிண்டர் கிடையாது.
கோடு போட்ட தாளில் ஏழு வரியையும்
வரிக்கு முன்னால் விட்ட இடம்கூட மாறாமல்
பார்த்துப் பார்த்து எழுதினாள்.
விடைகளை அடியில், நீல மையில்.
பிறகு தாளை என் பக்கம் திருப்பி வைத்து
"இங்கன ஒரு கையெழுத்துப் போடுங்க.
நீங்க சொன்னா நம்புவாவ" என்றாள்.

கடைசியாக நான் கையெழுத்திட்டது
ராஜினாமா என்று அவர்கள் எழுதிக்கொடுத்த காகிதத்தில்.

பேனா வாங்கி
இனிஷியலோடு, முழுப் பெயரும் தெரிகிற மாதிரி,
தேதியும் போட்டேன்.