இன்று நண்டு உண்டு

ஆறரை மணி வரைக்கும் மேசை என்னுடையது.
அதற்குப் பிறகு சூப்புக்கு.
இந்த ஒப்பந்தத்தை யாரும் எழுதவில்லை.
எலியேசர் படகுத்துறையிலிருந்து வந்து
பூட்ஸைக் கழற்றிப் போடும் சத்தம்தான் கையெழுத்து.

புன்டா அரினாஸில் ஜூன் மாதம்
நாலரைக்கே வெளிச்சம் கடையைக் கட்டிவிடும்.
ஜன்னலுக்கு வெளியே காற்று
கடனைத் திருப்பிக் கேட்க வந்தவன் மாதிரி நிற்கும்.
நான் விளக்கைக் கீழே இறக்கி,
லினோலியத் தகட்டை அடுப்போரம் வைத்து இளக்கி,
நண்டின் ஆறாவது காலைச் செதுக்கிக்கொண்டிருப்பேன்.

மீன்கடை எவாரிஸ்டோவுக்கு
நூறு தாள், ஒரு நண்டு, மூன்று சொல்:
இன்று நண்டு உண்டு.
கூலி பாதி பணம், பாதி நண்டு.

அச்சு எந்திரம் வாங்க வசதியில்லை.
சூப் கிண்டும் மரக்கரண்டியின் முதுகால்தான்
தாளைத் தேய்த்தெடுப்பேன்.
எத்தனை கழுவினாலும் பால்கஞ்சி நாளில்
ஒரு சாம்பல் நிழல் எட்டிப் பார்க்கும்.
"இன்றைக்கு எத்தனை பிரதி சமைத்தாய் அம்மா?"
என்பான் இவோ,
பதின்மூன்று வயது, எதற்கும் முகம் சுளிக்கிற பருவம்.

காலுறைகளுக்கு நடுவே
அதே கொடியில் அதே கவ்விகளில்
நேற்றைய நண்டுகள் காய்கின்றன.
ஒன்றை எலியேசர்
துணியோடு துணியாய் மடித்து
அலமாரியில் அடுக்கிவிட்டான்.

உப்புக் குப்பிக்கு அடியில்
தானிட்சாவின் பள்ளியிலிருந்து வந்த சீட்டு:
உங்கள் மகள் எழுத்துகளைத் திருப்பித் திருப்பி எழுதுகிறாள்.
கவனிக்கவும். கையொப்பமிட்டு அனுப்பவும்.
கவனிக்கிறேன் கவனிக்கிறேன் என்று
மூன்று நாளாய்க் கவனிக்கவில்லை.

அன்று சின்னவனுக்குப் பல் முளைக்கும் காய்ச்சல்.
இடுப்பில் அவன், கையில் உளி.
நண்டு நேராக வந்தது.
சொற்களும் நேராக வந்தன.
அதுதான் பிழை.
தகட்டில் நேராய் இருப்பது
தாளில் இடவலம் மாறித்தான் விழும்.
பன்னிரண்டு வருஷமாய்த் தெரிந்த சங்கதி
ஒரு பல்லுக்கு முன்னால் தோற்றது.

முதல் தாளை உரித்தேன்.
வார்த்தைகள் வந்த வழியே
திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.
ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.
இடுப்பிலிருந்தவன் சிரித்தான்.
"படம் இருக்கிறதே, எழுத்து எதற்கு?" என்றான் எலியேசர்.
ஆறுதலா அலட்சியமா?
இந்த வீட்டில் இரண்டும்
ஒரே செருப்பைப் போட்டுக்கொண்டுதான் நடக்கும்.

தானிட்சா நாற்காலியில் முழங்காலிட்டு
ஈரத்தாளின் மேல் குனிந்தாள்.
விரல் வைக்கவில்லை.
எழுத்துக்கூட்டவில்லை.
"இன்று நண்டு உண்டு," என்றாள்.
"நமக்கா?"

கரண்டி
என் கையிலேயே நின்றது.

சனிக்கிழமை. புதுத் தகடு.
பென்சிலை அவளிடம் கொடுத்தேன்.
பள்ளியில் எழுதுகிற மாதிரியே எழுது என்றேன்.
"எந்த மாதிரி? திட்டு வாங்குகிற மாதிரியா?"
ஆமாம்.

வலது ஓரத்தில் தொடங்கினாள்,
நாக்கு நுனி வெளியே.
எச்சும் ஓவும் எப்படிப் பார்த்தாலும் ஒரே முகம்,
அவற்றால் தொல்லை இல்லை.
என் திரும்பியது. இரண்டு எல்லும் திரும்பின.
சி மட்டும் பிடிவாதமாய் நேராக நின்றது.
பள்ளியும் கொஞ்சம் வேலை செய்திருக்கிறது.
அதைத் திருத்தினேனா
அப்படியே செதுக்கினேனா என்பதை
எவாரிஸ்டோவின் கடைக் கண்ணாடியில் பாருங்கள்.

மேசை அன்று எட்டரை வரைக்கும் போனது.
ஒப்பந்தத்தை யாரும் நினைவூட்டவில்லை.
நின்றுகொண்டே ரொட்டி தின்றோம்.
ரொட்டியில்
நாலு பேருடைய கட்டைவிரல்.

ஞாயிறு இரவு சீட்டைத் தேடி எடுத்தேன்.
உப்புக் குப்பி நின்ற வட்டம்,
வட்டத்தின் விளிம்பில் மை.
கவனித்தேன் என்று எழுதி
வட்டத்துக்குள் கையொப்பமிட்டேன்.
நேராகத்தான்.